பூட்டிய வீடும் பொதுச்சுவரும்

டெல்டா ஊர்களின் பழைய தெருக்களில் இடிந்து கிடக்கிற வீடுகளைப் பற்றி விசாரித்துப் பாருங்கள். வேண்டாம் என்று உதறிவிட்டுப் போன வீடுகள் அதில் குறைவாகத்தான் இருக்கும். ‘தாத்தா கட்டினது, விக்கக் கூடாது’ என்று இறுக்கிப் பிடித்துக்கொண்ட வீடுகள்தான் அதிகம். விற்க மனசு வராது, வாடகைக்கு விடப் பயம், வந்து இருக்க யாருக்கும் தோதில்லை. பூட்டு தொங்கும். தேர்த் திருவிழாவுக்கோ திவசத்துக்கோ வருகிறவர்கள் ஒட்டடை அடித்து, ரெண்டு நாள் இருந்து, திண்ணையில் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டு, கண் கலங்கக் கிளம்புவார்கள். அந்தப் பாசம் பொய்யில்லை. ஆனால் கூரை ஓடுகளையும் உத்திரத்தையும் தாங்க அது போதாது.

ஊரை விட்டுப் போனவர்களுக்கு வீட்டின் மேல் பற்று. அப்பா கட்டில் போட்டிருந்த மூலை, வாசல் நடையான ரேழியில் கரி ஏறின மாடம், கொல்லைக் கிணற்றடித் துவைகல். ஊரில் இருக்கிறவர்களுக்குத் தெருவின் மேல் பற்று. எதிர்வீட்டில் விளக்கு எரிகிறதா, சுவாமி புறப்பாடு வரும்போது எத்தனை வாசலில் தீபாராதனை நடக்கும், பூக்காரம்மாவுக்கு இந்தத் தெருவில் இன்னும் நாலு வாடிக்கையாவது இருக்கிறதா என்பதெல்லாம் அவர்கள் கணக்கு. பூட்டின வீட்டைப் பற்றி இந்த இரண்டு பேரும் பேசினால் பாதி நேரம் சண்டையில் முடிவது இதனால்தான். போனவர் ‘என் வீடு’ என்பார். இருக்கிறவர் தன் கூடத்துச் சுவரில் ஓதம், அதாவது ஈரம், ஏறுவதைக் காட்டுவார்.

ஊர்கள் தேய்ந்ததற்குக் காரணம் ஒன்றல்ல. நாகப்பட்டினம் 1799 முதல் 1845 வரை தஞ்சாவூர் மாவட்டத்தின் தலைநகரம். தலைநகரம் போனது. அங்கே இருந்த ரயில்வே பணிமனை 1928-இல் திருச்சி பொன்மலைக்குப் போனது. அந்தத் துறைமுகத்திலிருந்து மலாயா, சிங்கப்பூர் போய்வந்த பயணிகள் கப்பல்களும் நின்றுபோயின. 2004-இல் சுனாமி. ஒவ்வொன்றும் ஒரு தொகைச் சம்பளக்காரர்களையோ வியாபாரிகளையோ தெருக்களிலிருந்து எடுத்துக்கொண்டு போனது. மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கு ஓடின ரயில் 1986-இல் நின்றது. கும்பகோணத்தில் படித்தவர்கள் சென்னை, பெங்களூரு என்று போனார்கள். கூத்தாநல்லூர், நாகூர், அதிராம்பட்டினம் பக்கம் சிங்கப்பூரும் வளைகுடாவும். ஆள்தான் போகிறதே தவிர, சொத்து அங்கேயே பூட்டோடு நிற்கிறது.

இந்தத் தெருக்களின் கட்டுமானத்தைப் புரிந்துகொள்ளாமல் பராமரிப்பைப் பேச முடியாது. வீடுகள் குறுகல், நீளம் அதிகம். தெருவில் திண்ணை, பிறகு ரேழி, முற்றம், கூடம், அடுக்களை, கொல்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவே பல இடங்களில் ஒரே சுவர்தான். உங்கள் உத்திரமும் பக்கத்து வீட்டு உத்திரமும் அதே சுவரில்தான் ஏறி உட்கார்ந்திருக்கின்றன. செங்கலைச் சுண்ணாம்புச் சாந்திலோ வெறும் மண் சாந்திலோ வைத்துக் கட்டின சுவர். ஒரு பக்கம் நனைந்தால் மறுபக்கம் உப்புப் பூக்கும். அதனால் பூட்டிக் கிடக்கும் ஒரு வீடு மூன்று வீட்டின் பிரச்சினை.

பூட்டிய வீடு சாவதற்கும் ஒரு வரிசை உண்டு. முதலில் கூடல்வாய். முற்றத்தைச் சுற்றி நாலு பக்கக் கூரையும் இறங்குகிற இடத்தில், இரண்டு சரிவு சேரும் மூலைதான் கூடல்வாய். அதன் அடியில் தகரம் பதித்திருப்பார்கள். முற்றத்துப் பக்கம் வரும் கூரைத் தண்ணீரில் பெரும்பங்கு அந்த நாலு மூலை வழியாகத்தான் இறங்கும். வேப்பிலையும் அணில் கூட்டுப் பஞ்சும் அங்கேதான் அடைக்கும். அடைத்தால் தண்ணீர் தகரத்தின் ஓரம் ஏறி ஓட்டுக்கு அடியில் திரும்பும், கூரையைத் தாங்கும் சரிவுச் சட்டமான கைமரத்தின் நுனி நனையும். தகரம் துருப்பிடித்து ஒரு ஊசித் துளை விழுந்தாலே போதும், அதன் கீழே இருக்கிற மரம் நாலைந்து மழைக்காலத்தில் கையால் பிய்க்கிற பதத்துக்கு வந்துவிடும். கூரையில் பத்து ரூபாய் செலவழிக்க முடியும் என்றால் எட்டு ரூபாயை இந்த நாலு மூலைக்குக் கொடுங்கள். மாற்றும்போது கால்வனைஸ் தகரமோ அலுமினியத் தகடோ போடலாம். அகலம் ரெண்டடிக்குக் குறையக் கூடாது. இரண்டு ஓரத்தையும் அரை அங்குலம் மேலே மடக்கிவிடச் சொல்லுங்கள். அந்த மடிப்பு இல்லாமல் போடுவதால்தான் புதுத் தகரமும் ஒழுகுகிறது.

அடுத்தது ஓடு. மங்களூர் ஓடு நூறு சதுர அடிக்குச் சுமார் 150 பிடிக்கும். ஆயிரம் சதுர அடிக் கூரைக்கு 1,500. ஓடு திருப்பும்போது கொஞ்சம் உடையத்தான் செய்யும். நூறு ஓடாவது கொல்லையில் அடுக்கி வைத்திருங்கள். வேறு கம்பெனி ஓடு வாங்கினால் வரிப்பள்ளம் ஒன்றோடொன்று சேராது, அந்த இடைவெளியில் சாரல் ஏறும். உங்கள் ஓட்டின் முதுகில் இருக்கும் முத்திரையைப் பார்த்து, இடிக்கிற வீடுகளிலிருந்து அதே ஓடு வாங்குவது நல்லது. விரலால் தட்டினால் கணீரென்று வர வேண்டும். ‘டப்’ என்றால் உள்ளே கீறல். ஓடு மாட்டும் குறுக்குச் சட்டமான ரீப்பரை மாற்றுகிற ஆசாரி கண் அளவில் அடித்துக்கொண்டே போவார், விடாதீர்கள். இடைவெளி பெரும்பாலும் பன்னிரண்டரை அங்குலத்தை ஒட்டி வரும். இருக்கிற ஓட்டிலேயே நாலைந்தை அளந்து, அந்த நீளத்துக்கு ஒரு அளவுகுச்சி வெட்டிக்கொண்டு அடிக்கச் சொல்லுங்கள். வரிசை தப்பினால் ஓட்டின் கொக்கி ரீப்பரில் மாட்டாது, காற்றில் எழும்பும். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை ஏறியபோது முகட்டு ஓடும் கூரை ஓரங்களும் எப்படிப் பறந்தன என்பது அந்தப் பகுதிக்காரர்களுக்கு மறக்காது. முகட்டு ஓட்டுக்குச் சாந்து பூசி இறுக்குவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

நாட்டு ஓடு என்றால் கதை வேறு. கொக்கி கிடையாது, ஒன்றின் மேல் ஒன்று படிந்துதான் நிற்கும். கோயில் ஊர்களில் அதற்கு முதல் எதிரி குரங்கு. அடுத்தது பூனை. வருஷா வருஷம் மாற்றி வேய வேண்டியதுதான். அது தெரிந்த ஆட்கள் குறைந்துவிட்டார்கள் என்பதால் ஆனி, ஆடியிலேயே சொல்லி வைக்க வேண்டும். புரட்டாசியில் தேடினால் யாரும் கிடைக்க மாட்டார்கள், கிடைக்கிற ஆள் ஷீட் போடச் சொல்வார். ஷீட் போட்டால் ஒழுகாது, சரி. ஆனால் கீழே இருக்கும் கைமரம் கண்ணுக்குத் தெரியாமல் புழுங்கும், சித்திரையில் அந்தக் கூடத்தில் மனிதர் உட்கார முடியாது.

மச்சு இருக்கும் வீடுகளில் மெட்ராஸ் டெரஸ். தேக்குச் சட்டங்களின் மேல் ஓரங்குலக் கனத்து மெல்லிய செங்கல்லைச் சாய்வாட்டமாகக் குத்துக்கல்லாக அடுக்கி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் மூன்று அங்குலத்துக்குக் கெட்டித்து, அதற்கு மேல் தட்டோடு. இதில் சட்டத்தின் நடுவைப் பார்த்து ஏமாறக் கூடாது. சுவருக்குள் நுழைந்திருக்கும் நுனியில்தான் நோய். சுவரை ஒட்டி மெல்லிய ஆணியால் குத்துங்கள். அரை அங்குலத்துக்கு மேல் சுலபமாக இறங்கினால் நுனி போய்விட்டது. முட்டுக் கொடுத்து, கெட்ட பகுதியை அறுத்துவிட்டு, இரண்டு பக்கமும் இரும்புச் சேனல் வைத்து போல்ட் போட்டு, சேனல் சுவரில் உட்காரும் இடத்தில் ஒரு கருங்கல் பலகை கொடுத்தால் மீதி மரம் தப்பும். ஒழுகுகிறது என்று மேலே ரெண்டு அங்குலம் சிமென்ட் போடுவதுதான் வழக்கமாக நடப்பது. ஒழுக்கு ஒரு வருஷம் நிற்கும், பாரம் நிரந்தரமாகக் கூடும்.

முற்றத்துத் தண்ணீரைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆயிரம் சதுர அடிக் கூரையில் 10 செ.மீ. மழை என்றால் சுமார் 9,300 லிட்டர். பாதி முற்றத்தில் விழுந்தாலும் நாலாயிரத்துச் சொச்சம் லிட்டர், ரேழிக்கு அடியில் போகும் ஒரே ஜலதாரை வழியாகத் தெருச் சாக்கடைக்குப் போக வேண்டும். ஐப்பசி மழையில் அதன் வாயை ஒரு வாழைச்சருகு மூடினால் முற்றம் குளம்தான். தண்ணீர் கூடத்துக்கு ஏறாவிட்டாலும் சுவரின் கால் ஊறும். முற்றத்துக்கு மேலே கம்பி வலையும், ஜலதாரை வாயில் கழற்றிக் கழுவுகிற மாதிரி சல்லடையும் போடுங்கள். சல்லடையைச் சிமென்ட் வைத்துப் பூசிவிடுவது பெரிய முட்டாள்தனம்.

இதையும் தாண்டி ஒன்று இருக்கிறது, அது ஒரு வீட்டுக்காரரால் ஆகாது. தெரு உயர்வது. பழைய ரோட்டின் மேலேயே புது ரோடு, அதன் மேல் இன்னொன்று. மூன்று படி ஏறிப் போன திண்ணைக்கு இன்று ஒரு படி, சில வீடுகளில் படி இறங்கித்தான் போக வேண்டும். ஜலதாரையின் வாட்டம் தலைகீழாகி, சாக்கடைத் தண்ணீர் முற்றத்துக்குத் திரும்பும். பழைய தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுத் தளம் போட வேண்டும், மட்டம் உயரக் கூடாது என்று 2021-இல் தலைமைச் செயலாளரே அறிவுறுத்தியிருக்கிறார். அது தானாக நடக்காது. ரோடு வேலை வரப்போகிறது என்று தெரிந்ததும், டெண்டருக்கு முன்னாலேயே, தெருவில் எல்லா வீட்டு வாசல் மட்டத்தையும் பெயின்டில் கோடு போட்டுப் போட்டோ எடுத்து, பூட்டின வீட்டுக்காரர்களின் கையெழுத்தையும் வாங்கி, நகராட்சிக்கு மனு கொடுத்து ஒப்புகை வாங்க வேண்டும். வேலை நடக்கும் அன்று ஆட்சேபித்து ஒரு ரோடும் தாழ்ந்ததில்லை. வெளியூர்ப் பாசக்காரர்கள் உண்மையிலேயே உதவக்கூடிய இடம் இது. கையெழுத்துக் கேட்டால் உடனே அனுப்புங்கள்.

சுவரில் ஓதம் வந்தால் கொத்தனார் சொல்லும் முதல் மருந்து சிமென்ட் பூச்சு. பழைய சுவர் ஈரத்தை உறிஞ்சி வெளியே விடுகிற சுவர். சிமென்டால் வாயை அடைத்தால் ஈரம் இன்னும் மேலே ஏறி, பூச்சு முடிகிற இடத்துக்கு மேல் பொரியும். அடுத்த வருஷம் அதற்கும் மேலே பூசுவார்கள். சரியான வழி நேர் எதிர். ஓதக்கோட்டுக்கு ஓரடி மேல் வரை சிமென்டைக் கொத்தி எடுங்கள். இணைப்புகளை அரை அங்குலம் சுரண்டித் துடைத்து, ஒரு கோடை முழுக்க அப்படியே காயவிடுங்கள். பிறகு ஒரு பங்கு நன்றாகப் புளித்த சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் என்று, மெல்லியதாக இரண்டு முறை பூச்சு. கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணீர் சேர்ப்பது நல்லதுதான். ஆனால் சுண்ணாம்பை ரெண்டு வாரமாவது ஊறப்போடாமல் கடுக்காய் மட்டும் சேர்த்துப் பயனில்லை. மேலே வெள்ளையடிப்பு, எனாமல் வேண்டவே வேண்டாம்.

விரிசல் என்றால் அதன் மேல் ஒரு காகிதத் துண்டை ஒட்டித் தேதி எழுதி ஒரு மழைக்காலம் பாருங்கள். இங்கே வண்டல் களி, காய்ந்தால் சுருங்கும், நனைந்தால் உப்பும். வெயிலில் திறக்கிற விரிசல் மழையில் மூடலாம். காகிதம் கிழிந்துகொண்டே போனால்தான் எஞ்சினியரைக் கூப்பிட வேண்டும்.

சுவரில் முளைக்கும் அரசங்கன்றை வெட்டினால் இன்னும் கெட்டியாகத் தழைக்கும். ஆசிட் ஊற்றுகிறார்கள், செடி சாகிறதோ இல்லையோ, சுண்ணாம்புச் சாந்து கரைந்து சுவர் நெகிழும். விரல் கனம் வருவதற்குள், மழைக்குப் பின் சுவர் ஈரமாக இருக்கும்போது, சுற்றி நாலு செங்கல்லைப் பெயர்த்து வேரோடு எடுத்துவிட்டுத் திரும்பக் கட்டுவதுதான் வழி. கரையானுக்கு, தரையும் சுவரும் சேரும் இடத்தில் ஓரடிக்கு ஒன்றாக 12 மி.மீ. துளை போட்டு மருந்து இறக்குவது நடைமுறை. கிணறு பக்கத்தில் இருந்தால் அந்தப் பக்கத்தை விட்டுவிடுங்கள்.

சரி, இதையெல்லாம் யார் பார்ப்பது? சாவியைப் பக்கத்து வீட்டு மாமியிடமோ எதிர்வீட்டு அண்ணனிடமோ கொடுத்துவிட்டு, ‘சும்மா பாத்துக்குங்க’ என்றால் ஒரு வருஷம் ஓடும். அப்புறம் அவருக்கும் முட்டி வலி வரும். சாவி அவரிடம் இருக்கட்டும், வேலைக்கு ஒரு ஆளை வையுங்கள். பதினைந்து நாளைக்கு ஒரு தடவை, ஐப்பசி கார்த்திகையில் வாரா வாரம், பெருமழைக்கு மறுநாள் கட்டாயம். ஒவ்வொரு தடவைக்கும் அன்றைய அரை நாள் கூலி. வந்தவர் செய்ய வேண்டியது இதுதான். கதவு ஜன்னலைத் திறப்பதற்கு முன் இருட்டுக் கூடத்தில் நின்று அண்ணாந்து பார்ப்பது. வெளிச்சப் புள்ளி தெரிகிற இடமெல்லாம் உடைந்த ஓடு; நேர் கீழே தரையில் சாக்பீஸால் குறிப்பது. பிறகு வாசலிலிருந்து கொல்லை வரை எல்லாவற்றையும் திறந்து இரண்டு மணி நேரம் காற்றோட விடுவது. முற்றத்தில் ரெண்டு வாளித் தண்ணீர் ஊற்றி, அது தெருச் சாக்கடையில் வந்து விழுகிறதா என்று பார்ப்பது. கழிப்பறையில் ஒரு வாளி ஊற்றுவது. வளைவில் நிற்கும் தண்ணீர் காய்ந்தால் நாற்றமும் கரப்பானும் மேலே வரும். கிணற்றில் பத்து வாளி இறைப்பது. குறித்து வைத்த எட்டு இடங்களில் ஒரே கோணத்தில் போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போடுவது. வாசல் தெளித்து ஒரு கோலம் போட்டுவிட்டுப் போனால் இன்னும் நல்லது. ஆள் புழங்குகிற வீடு என்று தெரிந்தால் குப்பை கொட்ட மாட்டார்கள்.

மின் இணைப்பை விட்டுவிடாதீர்கள். திரும்ப வாங்க அலைச்சல், வயரிங்கும் புதிதாகக் கேட்பார்கள். சொத்து வரியை ஏப்ரல், அக்டோபர் மாதங்களில், அரையாண்டு தொடங்கி 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு. ரசீதைச் சேர்த்து வையுங்கள், பாகம் பிரிக்கும்போது யார் பராமரித்தார் என்பதற்கு அதுதான் சாட்சி.

வாடகைக்கு விடுவது பூட்டி வைப்பதைவிட எப்போதும் மேல். குடியிருக்கிறவர் போக மாட்டார் என்ற பயம் பழைய சட்ட காலத்துப் பயம். 2017-இல் இயற்றி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தமும் அதன் பதிவும் கட்டாயம். ஒப்பந்தக் காலம், வாடகை உயர்வு எல்லாம் அதில் வந்துவிடும். குறைந்த வாடகைக்கு விட்டு, கூடல்வாய் சுத்தம் செய்வதும் ஜலதாரை பார்ப்பதும் குடியிருப்பவர் பொறுப்பு என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில் கணிதமேதை ராமானுஜன் வீட்டைப் போய்ப் பார்க்கலாம். 2003-இல் சாஸ்த்ரா பல்கலைக்கழகம் எடுத்துப் பராமரிக்கிற சின்ன ஓட்டு வீடு. தரங்கம்பாடித் தட்டார் தெருவில் சுனாமிக்குப் பிறகு பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கும் அமைப்பான இன்டாக் பழுதுபார்த்த வீடுகளும் இருக்கின்றன. அரண்மனை அளவு செலவு செய்யாமல் என்ன முடியும் என்பது அங்கே தெரியும்.

பழுதுபார்க்கப் பணம் இருந்தும் வேலை நடக்காத வீடுகளில் பெரும்பாலும் காகிதம்தான் தடை. பட்டா கொள்ளுத்தாத்தா பெயரில், வாரிசுகள் மூன்று கண்டத்தில். பாகம் முடியட்டும், பிறகு ஓடு மாற்றலாம் என்று காத்திருப்பார்கள். பாகம் முடிவதற்குள் கூரை முடிந்துவிடும். இரண்டையும் பிரியுங்கள். பராமரிப்புக்கு மட்டும், விற்கும் உரிமை இல்லாமல், ஊர்ப் பக்கம் இருக்கும் ஒருவருக்கு எல்லாரும் சேர்ந்து பவர் எழுதிக் கொடுக்கலாம். செலவைப் பங்கு விகிதப்படி கணக்கில் வைத்து, பாகத்தின்போது கழித்துக்கொள்ளலாம். இந்துக் குடும்பங்களில் 1989-இல் தமிழ்நாட்டுத் திருத்தமும் 2005-இல் மத்தியத் திருத்தமும் வந்தபிறகு, அத்தைகளையும் அக்காக்களையும் விட்டுவிட்டுப் பாகப்பத்திரம் எழுதுவது வம்பை விலைக்கு வாங்குவது. இன்னொன்று, டெல்டாவில் நிறைய வீடுகள் கோயில் மனையில் நிற்கின்றன. மேல்கட்டடம் உங்களுடையது, மனை கோயிலுடையது. கோயிலுக்குக் கட்டும் மனை வாடகையான பகுதி பாக்கி இருந்தால் பெயர் மாற்றம் நகராது, முதலில் அதைக் கட்டித் தீருங்கள்.

கடைசியில் விற்பது என்று முடிவானால் அதில் அவமானம் ஒன்றுமில்லை. உத்திரம் நிமிர்ந்து நிற்கும்போதே விற்றால் வாங்குகிறவர் குடியிருக்க வாங்குவார். இடிந்தபிறகு விற்றால் மனைக்குத்தான் விலை, தூணும் நிலைக்கதவும் காரைக்குடிப் பழம்பொருள் கடைக்குப் போகும். முதலில் இரண்டு பக்கத்து வீட்டாரிடமும் கேளுங்கள், அவர்களுக்குத்தான் அந்தச் சுவரின் மேல் அக்கறை. வெளியாள் வாங்கி இடிக்கப் போகிறார் என்றால் பொதுச்சுவரை ஒட்டி நாலடிக்கு ஜேசிபி வரக் கூடாது, கையால்தான் இடிக்க வேண்டும். வெளியே தெரியவரும் சுவருக்கு மழைக்கு முன் பூச்சு வேண்டும், அது வெயில் மழை பார்த்தே இராத சுவர். புது அஸ்திவாரம் பழையதைவிட ஆழமாகப் போகும் என்பதால் நாலைந்து அடியாக விட்டுவிட்டுத் தோண்டிக் கட்டிக்கொண்டு போக வேண்டும். ஒரேயடியாகக் குழி வெட்டினால் பக்கத்து வீட்டுக்காரர் கூடம் குழிக்குள் வரும். இதையெல்லாம் வாயால் பேசி விட்டுவிடாமல் கிரயப் பத்திரத்தில் ஏற்றுங்கள். பத்திரம் எழுதுகிறவர் பழைய பத்திரத்தின் நான்கெல்லையை அப்படியே பார்த்து எழுதிவிடுவார். கிழக்குச் சுவரும் மேற்குச் சுவரும் பொதுவா, தனியா என்பது அதில் பல சமயம் இருக்காது. கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்த ஒரு வரி இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள்.